இட்லிச் சட்டிக்குள் போன கண்ணாடிக் கிளிப்பு

புதிதாகப் பல் ஆஸ்பத்திரி திறந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால் கேட்பதெல்லாம் சாமான்களைப் பற்றித்தான். எந்த ஸ்கேனர் வாங்கலாம், எந்த லேபுக்கு அனுப்பலாம், நாற்காலி எந்தக் கம்பெனியில் நன்றாக இருக்கும். நானும் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் இதுவரை ஒரு பிள்ளைகூட, "நோயாளி வீட்டில் இட்லிச் சட்டி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டுமா, டாக்டர்?" என்று கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். கல்லூரியில் சொல்லித் தராத சங்கதி அது. அதனால் நானே வலிய வந்து சொல்கிறேன். மொபைலைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

தென்காசியில் கோயில் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் கிளினிக் இருந்தது. கோணல் பல்லை நேராக்குவதுதான் வேலை. முதலில் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கழற்றி மாட்டுகிற வகை வந்தது. நீங்கள் அதை அலைனர் என்பீர்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் கார் சக்கரத்துக்குச் செய்கிற ஏதோ வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். கண்ணாடிக் கிளிப்பு என்றால்தான் புரியும். பல் வரிசையின் மேல் கச்சிதமாக உட்காரும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. ஒரு ஜோடியைக் கொஞ்ச நாள் போட வேண்டும், பிறகு அடுத்த ஜோடி. ஒவ்வொன்றும் பல்லை இம்மியளவு நகர்த்தும். சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம், மற்ற நேரமெல்லாம் வாயில்தான் இருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

நம் தொழிலில் ஒரு பெரிய கோளாறு உண்டு. நாம் பேசும்போது நோயாளியால் பதில் பேச முடியாது. அவர் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டு கால் மணி நேரம் உபதேசம் செய்வோம். கடைசியில், "புரிந்ததா?" என்போம். அவர், "ஆ" என்பார். விரல் உள்ளே இருக்கும்போது மனுஷன் வேறு என்னத்தைச் சொல்ல முடியும்? உடனே நாம் புரிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம்.

செல்லத்துரை அண்ணாச்சியும் என்னிடம் அப்படித்தான், "ஆ" என்றார்.

அவருக்குக் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் வழியில் புரோட்டா கடை. வீடு மேலகரம். சீசன் காலத்தில் அருவியில் நனைந்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிற கூட்டம் அத்தனையும் அவர் கடை வாசலில்தான் நிற்கும். புரோட்டாவுக்காக அல்ல, சால்னாவுக்காக. அந்தச் சால்னாவை அவரைத் தவிர வேறு யாரும் கூட்டக் கூடாது, ருசி பார்க்கவும் கூடாது. கொதிக்கிற குண்டானிலிருந்து கரண்டியால் கொஞ்சம் எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, ஒரு உறிஞ்சு. கண்ணை மூடி நிற்பார். பிறகு உப்பு என்பார், அல்லது தலையை ஆட்டுவார். ஒரு நாளைக்கு இது எத்தனை தடவை நடக்கும் என்று அவருக்கே தெரியாது.

மேல் வரிசையில் முன்பல் இரண்டும் அவருக்கு நன்றாகத் துருத்திக்கொண்டிருந்தன. "நான் ஒரு இடத்துக்குப் போறதுக்கு முந்தியே இந்த ரெண்டும் போயிருது டாக்டரம்மா" என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிப்பு வந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். கல்யாணப் போட்டோவில்கூட உதட்டை இறுக்கி, வாய்க்குள் எதையோ ஒளித்து வைத்தவர் போல நிற்கிறார். கடை போர்டில் இருக்கும் படத்திலும் அதே கோலம்தான்.

அவர் என்னிடம் வந்ததற்குக் காரணம் மகள் முத்துச்செல்வி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, ஒரே பிள்ளை. கல்யாணம் பேசி முடித்ததும் அப்பாவிடம் அவள் நகை கேட்கவில்லை. "போட்டோவுல நீங்க பல்லு தெரிய சிரிக்கணும்ப்பா. அது போதும்" என்று சொல்லிவிட்டாள். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு என் வாசலில் வந்து நின்றார்.

"கம்பி வேண்டாம் டாக்டரம்மா. கல்லு முன்னால கம்பியோட நின்னா, வாறவன்லாம் புரோட்டா திங்காம என் வாயையே பாத்துட்டு நிப்பான். அந்தக் கண்ணாடிய மாட்டுங்க."

மாட்டினேன். ஒரு வருடத்தில் பல் அழகாகப் பின்னால் போனது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை, துண்டும் வாயை விட்டு இறங்கவில்லை. அதற்குள் அடுத்த சாரல் சீசன் தொடங்கிவிட்டது. ஆனி, ஆடி இரண்டு மாதமும் குற்றாலத்துக் கடைக்காரர்களைக் கல்யாணத்துக்கும் கூப்பிட முடியாது, காய்ச்சலுக்கும் கூப்பிட முடியாது. பல்வலி வந்தால்கூட ஆவணிக்குத் தள்ளி வைத்துவிடுவார்கள். இவரை மட்டும் தென்காசிக்கு வரச் சொன்னால் வருவாரா? அதனால் மீதமிருந்த கிளிப்புகளையெல்லாம் மொத்தமாகக் கொடுத்து, தேதி எழுதி அனுப்பினேன். ஆவணியில் முகூர்த்தம். அதற்குள் கடைசி ஜோடியும் முடிந்துவிடும். எல்லாம் சரியாக வரும் என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆடி பிறந்த கையோடு ஒரு நாள் காலையில் கிளினிக்கைத் திறக்க வந்தால் வாசல்படியில் அண்ணாச்சி. சீசன் நேரத்தில் கடையை விட்டு வந்திருக்கிறார் என்றால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். துண்டை வாயிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"எல்லாம் போச்சு டாக்டரம்மா. பல்லு பழையபடி முன்னால வந்துட்டு."

"யாரு சொன்னா?"

"புதுக் கிளிப்பு ஏற மாட்டேங்கு. அதுக்கு அடுத்ததும் ஏறல. எல்லாத்தையும் எடுத்துப் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணுகூட ஏறல. நான் பண்ணுன வேலைக்கு எனக்கு இது வேணும்."

என்ன வேலை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன்கூட அவ்வளவு குனிய மாட்டான்.

"சால்னா ருசி பாக்கும்போது நான் கிளிப்பக் கழட்டல."

"சாப்பிடும்போது கழட்டணும்னு சொன்னேம்லா?"

"சாப்பிடும்போது கழட்டத்தான் செஞ்சேன். ருசி பாக்கது சாப்பாட்டுலயா சேரும்?"

பிள்ளைகளே, இந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா? அவர் சொல்வதும் நியாயம்தான். ருசி பார்ப்பது அவருக்குத் தொழில். நான் பல்லைத் தட்டிப் பார்ப்பது போல அவர் சால்னாவைத் தொட்டுப் பார்க்கிறார். அதைப் போய் யாராவது சாப்பாடு என்பார்களா?

பழைய கிளிப்பைக் கழற்றிக் கொடுத்தார். மாம்பழ நிறத்தில் இருந்தது. மஞ்சளும் மிளகாயும் எண்ணெயும் சேர்ந்து அதில் ஊறியிருந்தன. கையில் வாங்கியதுமே முந்தின நாள் சால்னாவில் கிராம்பு ஒரு பிடி கூடிவிட்டது என்று தெரிந்தது. சூட்டில் கொஞ்சம் நெகிழ்ந்தும் இருந்தது. இருந்தாலும் பல்லில் உட்கார்ந்தது. பல்லைப் பார்த்தேன். எங்கே விட்டேனோ அங்கேயே, சமர்த்தாக நின்றது.

பிறகு அவர் கொண்டுவந்த புதுக் கிளிப்புகளில் ஒன்றை எடுத்தேன். அது கிளிப்பாகவே இல்லை. விரிந்து, ஓரம் சுருண்டு, நடுவில் குழிந்து, வெயிலில் விட்ட அப்பளம் மாதிரி இருந்தது. அடுத்ததும் அப்படியே. சால்னா எவ்வளவு காரமாக இருந்தாலும் பாக்கெட்டுக்குள் இருந்த கிளிப்பை வளைக்க அதனால் முடியாது. இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

"பல்லுக்கு ஒண்ணும் ஆகல அண்ணாச்சி. புதுசுதான் வளைஞ்சிருக்கு" என்றேன்.

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்லுதிய." அவர் எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். "ஒரே ஒரு உதவி. எங்க வீட்டுல மட்டும் சொல்லிராதிய. அவ தெனமும் கிளிப்பக் கழட்டுனியளா, கழட்டுனியளான்னு கேப்பா. நானும் கழட்டுனேன், கழட்டுனேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். மவ கல்யாணத்துல நான் செஞ்ச காரியம் தெரிஞ்சா அவ மனசு ஒடிஞ்சிரும்."

சொல்ல மாட்டேன் என்றேன். பழைய கிளிப்பையே விடாமல் போட்டிருக்கச் சொல்லி அனுப்பினேன். வளைந்ததை ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும், வந்த பல் திரும்பிப் போகாமல் பிடித்து வைக்கலாம் அல்லவா? இப்படி ஒரு நெருக்கடி வந்தால் நீங்களும் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். யார் தப்பு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்று மத்தியானமே சண்முகத்தாய் வந்தார். அண்ணாச்சியின் மனைவி. கையில் துணிப் பை, கண் இரண்டும் வீங்கியிருந்தன. கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தியதும் பையிலிருந்து இட்லித் தட்டு ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தார். அதன் ஒரு குழியில், குழியின் வடிவத்துக்கே படிந்துபோய், ஒரு கண்ணாடிக் கிளிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது மட்டும் வர மாட்டேங்கு" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

நடந்தது இதுதான். சண்முகத்தாய் சுத்தத்தில் கொஞ்சம் கூடுதல். சீசன் வந்தால் ஊருக்குள் காய்ச்சலும் வந்துவிடும் என்று கடைத் தம்ளர், கரண்டி, வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றையும் கொதிக்க வைப்பார். வீட்டில் ஒரு பை நிறைய, கணவர் வாய்க்குள் போகப்போகிற பிளாஸ்டிக் கிடந்திருக்கிறது. அதைச் செய்த சென்னை லேபில் யார் கை தொட்டதோ, எந்த பஸ்ஸில் எந்த மூட்டைக்கு அடியில் கிடந்ததோ! வெந்நீரில் போட்டால் போதாது என்று தோன்றியிருக்கிறது. சின்னக் குழந்தைப் பால் புட்டிக்கு ஆவி காட்டுவதில்லையா? இட்லிச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, தட்டில் துணி விரித்து, குழிக்கு ஒரு ஜோடியாக அடுக்கி, மூடியைப் போட்டிருக்கிறார். துணி பற்றாத குழியில் ஒன்றை அப்படியே வைத்தார். அதுதான் ஒட்டிக்கொண்டது.

"ஒரே ஈட்டுல எல்லாம் வெந்துட்டு டாக்டரம்மா" என்றார், மூக்கைச் சிந்திக்கொண்டே. "மூடியத் தொறந்தா ஒவ்வொண்ணும் வாயப் பொளந்துக்கிட்டு கெடக்கு. பதறிப் போய் கையால அமுக்கி, நிமித்தி, பழையபடி பாக்கெட்டுல போட்டு வச்சிட்டேன். ஆறுனா சரியாயிரும்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். எதிரில் ஒரு பெண், மகள் கல்யாணத்தை இட்லிச் சட்டியில் வைத்துக் கெடுத்துவிட்டோம் என்று தேம்பிக்கொண்டிருக்கும்போது சிரித்தால் நான் மனுஷியே இல்லை.

"அவிய கிட்ட மட்டும் சொல்லிராதிய" என்றார். "முப்பது வருசத்துக்குப் பொறவு இப்பத்தான் கண்ணாடி முன்னால நின்னு பல்லப் பாக்காவ. யாருக்கும் தெரியாம நின்னு பாக்காவ. நான் அதப் பாத்துட்டுச் சந்தோசப்பட்டேன். இப்ப நானே கெடுத்துட்டேன்னு தெரிஞ்சா…"

சொல்ல மாட்டேன் என்று அவருக்கும் வாக்குக் கொடுத்தேன்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். காலையில் வந்தவர், எல்லாம் தன்னால் கெட்டது என்கிறார். அவரிடம், "உங்கள் மேல் தப்பில்லை, அவித்தது உங்கள் மனைவி" என்றால் அவர் பாரம் இறங்கும். மத்தியானம் வந்தவரிடம், "உங்கள் வீட்டுக்காரரும் யோக்கியமில்லை, தினமும் சால்னாவைக் கிளிப்போடு குடித்திருக்கிறார்" என்றால் அவர் பாரமும் பாதி இறங்கும். இரண்டையும் நான் சொல்லக் கூடாது. ஒருவர் நம்மை நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது, ஒரே பாயில் படுக்கிறவர்களாக இருந்தாலும். லேபுக்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டால் வேலை சுலபமாக முடியும் என்றும் தோன்றியது. அவனோ முகம் தெரியாத ஆள், சென்னையில் இருக்கிறான். ஆனால் செய்யாத தப்புக்கு அவன் பெயரைக் கெடுப்பானேன்? வாயை மூடிக்கொண்டிருப்பது என்று முடிவு செய்தேன். வாழ்நாள் முழுவதும் அடுத்தவரை வாயைத் திற, வாயைத் திற என்றே சொல்லிப் பழகியவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

லேபுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் திரும்பச் செய்து தரச் சொன்னேன். முகூர்த்தத்துக்கு முன்னால் கிடைக்குமா என்று கேட்டேன். பார்க்கிறோம் என்றார்கள். எப்படிக் கெட்டது என்று கேட்டார்கள். சூடு பட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. குற்ற உணர்ச்சி வந்துவிட்டால் மனிதர்கள் ஒழுங்காக ஒரு வேலையும் செய்ய மாட்டார்கள். அண்ணாச்சி சால்னா ருசி பார்ப்பதையே நிறுத்திவிட்டார். கல்லில் புரோட்டா போடுகிற மாஸ்டரிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டார். மாஸ்டருக்குப் புரோட்டா வீசத் தெரியும், சால்னா தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் சாப்பிட்டுப் பார்த்தேன். முதல் வாயிலேயே உப்பு உச்சந்தலைக்கு ஏறியது. பக்கத்து மேஜையில் அருவியில் குளித்துவிட்டு வந்திருந்த ஒரு குடும்பம் தண்ணீர் ஜக்கையே காலி செய்துகொண்டிருந்தது. அண்ணாச்சி மூலையில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு, துண்டால் வாயைப் பொத்தி, இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார். இன்னொரு பக்கம் சண்முகத்தாய் எந்தப் பாத்திரத்தையும் அடுப்பில் ஏற்றுவதில்லை. அந்த வீட்டில் இட்லியே நின்றுவிட்டது. காலையில் உப்புமாவாம். பாவம் அண்ணாச்சி, அதையும் தனக்குத் தண்டனை என்று நினைத்துத் தின்றிருக்கிறார்.

இந்த லட்சணத்தில் முத்துச்செல்வி கல்யாணச் சேலை எடுக்க ஊருக்கு வந்தாள். வீட்டில் உப்புமா, கடையில் உப்பு, அப்பா வாயில் மஞ்சள் கிளிப்பு. என்ன நடந்தது என்று இருவரிடமும் கேட்டிருக்கிறாள். இரண்டு பேரும், "பல்லு கெட்டுப்போச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் கிளினிக்குக்குள் நுழைந்தாள்.

"டாக்டர், எங்க அப்பாவுக்கு என்ன பண்ணுனீங்க?"

அப்படியே கேட்டாள். வெளியில் நான்கு நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உட்காரும்மா."

"உக்கார வரல. ஒரு வருசமா போட்டு, முகூர்த்தம் வரப்போற நேரத்துல பல்லு கெட்டுப்போச்சுன்னா என்ன அர்த்தம்? கிளிப்பு எல்லாம் வளைஞ்சிருக்கு. எப்படி வளைஞ்சுது? தரமில்லாத சாமானக் குடுத்தீங்களா?"

அவள் தோளுக்குப் பின்னால் இரண்டு முகங்கள் தெரிந்தன. இடது பக்கம் அண்ணாச்சி, கண்ணாலேயே என்னைக் கும்பிட்டார். வலது பக்கம் சண்முகத்தாய், சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு அதே கும்பிடு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் என்னையே பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் சம்பாதித்த பெயர். தரமில்லாத சாமான் என்று என் வாசலில் நின்று ஒரு பெண் கத்துகிறாள். இட்லித் தட்டு என் மேஜை டிராயரில்தான் இருந்தது. எடுத்து வைத்தால் அரை நிமிடத்தில் கதை முடிந்தது. கை டிராயர் வரைக்கும் போனது உண்மை. ஆனால் அந்த அம்மாள் அழுத அழுகை நினைவுக்கு வந்து கை தானாக நின்றுவிட்டது.

"தப்பு யாருதுன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க அப்பா பல்லுக்கு ஒண்ணும் ஆகல. புதுக் கிளிப்பு சொல்லியிருக்கேன். வந்ததும் போடுவோம்" என்றேன்.

"சொல்ல மாட்டீங்கன்னா தப்பு உங்களுதுதான்னு ஆச்சுல்லா?" போனை எடுத்தாள். "இப்பவே நெட்டுல போட்டுருதேன். ஒத்த ஸ்டாரு. தென்காசில இனி ஒருத்தரும் இங்கன வந்து ஏமாறக் கூடாது."

விரல் திரையில் இறங்கியது. அப்போதுதான் அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

"ஏட்டி நிறுத்து! டாக்டரம்மா மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான். கிளிப்பக் கழட்டாம சால்னாவக் குடிச்சுக் கெடுத்தது நான்தான்."

அவர் முடிக்கவில்லை, சண்முகத்தாய் முன்னால் வந்துவிட்டார். "அவிய இல்ல, நான்தான். எல்லாத்தையும் இட்லிச் சட்டில வச்சு அவிச்சது நான்தான்."

வெளியில் இருந்த நான்கு பேரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

அண்ணாச்சி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "கேட்டியளா டாக்டரம்மா? எனக்காவ எப்படிக் கதை கட்டுதா பாருங்க. யாராவது கிளிப்பப் போயி இட்லிச் சட்டில அவிப்பாவளா?"

"நான் எதுக்குக் கதை கட்டுதேன்? நெசமாத்தான் அவிச்சேன். கொதிக்கக் கொதிக்கச் சால்னாவக் கிளிப்போட யாராவது குடிப்பாவளா? என் பேரு கெட்டுரக் கூடாதுன்னு அவிய மேல இழுத்துப் போடுதாவ."

"நான் குடிச்சேம்ட்டி!"

"நான் அவிச்சேங்கேன்!"

"ஒனக்கு எம்மேல இம்புட்டுப் பிரியம்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார் அண்ணாச்சி.

இரண்டு பேரும் உண்மையைச் சொல்கிறார்கள். இரண்டு பேரும் மற்றவர் தனக்காகப் பொய் சொல்வதாக நினைத்து உருகிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அறையில் இரண்டும் உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. டிராயரைத் திறந்து இட்லித் தட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அந்த அம்மாளே ஊரறியச் சொல்லிவிட்ட பிறகு எனக்கு என்ன ரகசியம்?

அண்ணாச்சி தட்டைப் பார்த்தார். குழியில் ஒட்டியிருந்த கிளிப்பை விரலால் தட்டிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"ஏட்டி, நெசமாவே அவிச்சியா?"

"ஒரு ஈடு" என்றார் சண்முகத்தாய், தரையைப் பார்த்துக்கொண்டு.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு ஒரே வெடிச் சிரிப்பு. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, மேஜையைத் தட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். துண்டு எப்போதோ கீழே விழுந்துவிட்டது. அதை எடுக்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. சண்முகத்தாயும் அழுதுகொண்டே சிரித்தார். வாசலில் நின்ற நோயாளிகளில் ஒருவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கி, சிரிக்க வைக்காதிய" என்றார்.

முத்துச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வயதில் அவள் அதைப் பார்த்ததே இல்லை.

"அப்பா" என்றாள். "பல்லு நல்லாத்தான இருக்கு."

எனக்கு ஒற்றை ஸ்டார் போட எடுத்த போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். ஒன்று, இரண்டு, பிறகு எடுத்துக்கொண்டே இருந்தாள். எடுத்து முடித்ததும் என் முன்னால் வந்து நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண் நனைந்துவிட்டது. அதை நான் மறைக்கவில்லை.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல வருவது என்னவென்றால், கிளிப்பைக் கொடுக்கும்போது நோயாளிக்கு மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அதை வீட்டில் யார் கழுவுவார் என்று கேளுங்கள். அவரையும் வரச் சொல்லுங்கள். கிளிப்புக்குச் சூடு ஆகாது என்பதை நோயாளியின் வாய்க்குள் நம் விரல் இல்லாதபோது சொல்லுங்கள். அப்போதுதான் அவர் என்ன நினைக்கிறார் என்று திருப்பிச் சொல்லுவார். சமையல்காரர் வந்தால் ருசி பார்ப்பதையும் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் நான் அதற்குப் பிறகு ஒருவரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. யார் குற்றவாளி என்று கூட்டத்தில் கேட்டால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

புதுக் கிளிப்பு முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்தது. ஓரப் பல் ஒன்று லேசாகத் திரும்பியே இருந்தது. அதைக் கண்டுபிடிக்க என்னை மாதிரி வேலையற்ற ஆள் வேண்டும். கல்யாணத்தில் அண்ணாச்சி மேடையை விட்டு இறங்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் படம் எடுக்கும்போதும் ஓரத்தில் போய் நின்றுகொண்டார். மகளை அனுப்பி வைக்கிற நேரத்தில் கண்ணீர் தாரை தாரையாக ஓடுகிறது, மனுஷன் பல் வரிசை முழுவதும் தெரிய நிற்கிறார். போட்டோக்காரர் இதற்கு எப்படி ஃபோகஸ் செய்வது என்று தெரியாமல் திணறிப்போனார்.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து, நகர்த்திய பல்லைப் பிடித்து வைக்கும் கிளிப்பு மாட்டுவதற்காக இருவரும் வந்தார்கள். அண்ணாச்சி நாற்காலியில் உட்காரும்போதே சண்முகத்தாய் என்னை ஓரமாக இழுத்தார்.

"டாக்டரம்மா, இவியளுக்குப் பல்ல பழையபடி ஆக்க முடியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன்?"

"சிரிப்ப நிறுத்தவே மாட்டேங்காவ. புரோட்டா கேட்டா சிரிப்பு, சில்லறை இல்லன்னா சிரிப்பு. போன வாரம் இலத்தூருக்குத் துட்டி கேக்கப் போனோம். செத்தவரு கால்மாட்டுல மாலையப் போட்டுட்டு நிமிந்தாவ. அம்புட்டுப் பல்லும் தெரியுது. அந்த வீட்டுக்காரி அழுறத நிறுத்திட்டு எங்களையே பாக்கா. நான் எங்கன போயி முகத்த வைக்க?"

அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். இதென்ன நியாயம், இழவு வீட்டிலாவது வாயை மூடக் கூடாதா என்று கேட்டேன்.

அவர் வாயில் அப்போது என் விரல் இல்லை. அதனால் முழுதாகப் பதில் சொன்னார்.

"நான் என்ன செய்ய டாக்டரம்மா? சின்னப் பிள்ளைல இருந்து அடக்கி வச்சதெல்லாம் உள்ள கெடக்கு. அத எல்லாம் சிரிச்சு முடிச்சிட்டு நிறுத்திக்கிடுதேன்."

"முடிக்கதுக்குள்ள இன்னும் எத்தன துட்டி வீட்டுக்கு நான் கூட வரணும்?" என்றார் சண்முகத்தாய்.